ஓடும்போது வாட்ச் காட்டும் இதயத் துடிப்பை எப்போது நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 42. ஆறு மாதமாக ஓடுகிறீர்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகும் அளவுக்கு மெதுவாக ஓடினாலும், முதல் பத்து நிமிடம் வாட்ச் 172, 174 என்று காட்டுகிறது. அப்புறம் வேகம் மாறாமலே திடீரென்று 140க்கு இறங்கிவிடுகிறது. உடற்பயிற்சி சைக்கிளில் எண்கள் ஒழுங்காக இருக்கின்றன. எடை தூக்கும்போதோ, மூச்சு இரைத்தாலும் 98ஐத் தாண்டுவதில்லை. "வாட்ச்சை மாற்றவா, மருத்துவரைப் பார்க்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது: திரையில் தெரியும் எண் அந்த நேரத்தில் உங்கள் இதயத்தைப் பற்றியதுதானா என்பது. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. உடற்பயிற்சி உடலியல் படித்துவிட்டு, டிரெட்மில்லிலும் சைக்கிளிலும் ஆட்களை ஏற்றி, நெஞ்சில் இசிஜி ஒட்டிச் சோதனை செய்வதையே பல வருடங்களாக வேலையாகக் கொண்டவன். சோதனைக்கு வருபவர்களின் வாட்ச்சை நான் கழற்றச் சொல்வதில்லை. ஒரு பக்கம் இசிஜி திரை, மறுபக்கம் கையில் வாட்ச் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அப்படிப் பார்த்ததில் எனக்கு அழுத்தமாகப் பதிந்தது இதுதான்: வாட்ச் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புவதில்லை. சரியாக இருக்கும்போது இசிஜியோடு ஒன்றிரண்டு துடிப்பு வித்தியாசத்தில் ஒட்டிக்கொண்டே வரும். தப்பும்போது முப்பது, நாற்பது என்று மொத்தமாகத் தப்பும். அந்த நேரத்திலும் திரையில் எந்தத் தடுமாற்றமும் தெரியாது. அதே எழுத்தில், அதே தெளிவோடு, ஒரு எண் நின்றுகொண்டிருக்கும். "எத்தனை சதவீதம் துல்லியம்?" என்று கேட்பதைவிட "எந்தச் சூழ்நிலையில் தப்பும்?" என்று கேட்பது பயன் தரும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

காரணம் புரிய வேண்டுமானால் வாட்ச் எதை அளக்கிறது என்று தெரிய வேண்டும். இசிஜி இதயத்தின் மின்சாரத்தைப் பதிவு செய்கிறது. நெதர்லாந்து உடலியலாளர் ஐந்தோவன் அந்தக் கருவியை உருவாக்கி, அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். ஓட்டக்காரர்கள் நெஞ்சில் கட்டும் பட்டையும் அதே மின்சாரத்தைத்தான் பிடிக்கிறது. 1980களின் தொடக்கத்தில் பின்லாந்தின் போலார் நிறுவனம் அதைக் கம்பியில்லாமல் கையில் கட்டும் திரைக்கு அனுப்பிக் காட்டியது. கைக்கடிகாரம் செய்வது வேறு வேலை. அது பிடிப்பது நாடியை. அடிப்பகுதியில் இருக்கும் பச்சை எல்இடி விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை சுருங்கினால் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடும். திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. ஒளியால் நாடியைப் பிடிக்கும் இந்த முறையை அமெரிக்க உடலியலாளர் ஹெர்ட்ஸ்மன் 1930களின் பிற்பகுதியிலேயே விவரித்துவிட்டார். அறுவை சிகிச்சையின்போது விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பும் இதே குடும்பம்தான்.

ஆனால் அறுவை சிகிச்சை மேசையில் இருப்பவர் ஓடுவதில்லை. திரும்பி வரும் ஒளியில் இதயத் துடிப்பால் மாறும் பகுதி மிகச் சிறியது. ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மீதியெல்லாம் தோல், சதை, அசையாத ரத்தம் இவற்றிலிருந்து மாறாமல் வரும் ஒளி. இந்த நிலையில் கையை வீசினால் என்ன ஆகும்? வாட்ச் தோலின் மேல் அரை மில்லிமீட்டர் நகரும். சிரைகளில் இருக்கும் ரத்தம் கை வீச்சோடு முன்னும் பின்னும் அலசும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் வெளி வெளிச்சம் நுழையும். இவை ஒவ்வொன்றும் ஒளியில் உண்டாக்கும் மாற்றம் நாடி உண்டாக்கும் மாற்றத்தைவிடப் பெரியதாக இருக்கலாம். கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கும் வேலையைத்தான் அந்தச் சின்னக் கருவி செய்கிறது. அது பெரும்பாலும் சரியாகக் கேட்டுவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இப்போது உங்கள் 172க்கு வருவோம். ஓடுபவர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பார்கள். ஒவ்வொரு அடியும் தரையில் விழும்போது கை வரை ஓர் அதிர்வு வருகிறது. அதனால் மணிக்கட்டு ஒளியில் இரண்டு தாளங்கள் சேர்ந்து இருக்கும்: ஒன்று இதயத்துடையது, மற்றது காலுடையது. வாட்ச்சுக்குள் அசைவை அளக்கும் சிறு உணரி ஒன்றும் இருக்கிறது. அது சொல்லும் கால் தாளத்தை ஒளி அளவிலிருந்து கழித்துவிட்டு, மிஞ்சுவதை இதயம் என்று எடுத்துக்கொள்வதுதான் உள்ளே நடக்கும் கணக்கு. இந்தக் கணக்கு சுலபமானது அல்ல. 2015இல் சிக்னல் புராசசிங் கப் என்ற பொறியியல் மாணவர் போட்டிக்கு, ஓடும்போது மணிக்கட்டு ஒளியிலிருந்து துடிப்பைப் பிரித்தெடுப்பதையே கேள்வியாகக் கொடுத்தார்கள். நாடியின் சைகை மெலிந்து, காலின் சைகை ஓங்கி இருக்கும்போது கணக்கு காலைப் பிடித்துக்கொண்டுவிடும். அப்போது நீங்கள் பார்ப்பது இதயத் துடிப்பு அல்ல. நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்பது. சிலருக்கு இது எதிர்ப்பக்கமும் நடக்கும். இரண்டு அடிக்கு ஒருமுறைதான் கை ஒரு முழு வீச்சு வீசுகிறது. ஆகவே 172 அடி வைப்பவரின் கை 86 முறை வீசும். வாட்ச் அந்த 86ஐப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட ஓடுபவருக்கு நிதானமாக நடப்பவரின் துடிப்பைக் காட்டும்.

உங்களுக்கு இது நடக்கிறதா என்று இன்றே பார்க்கலாம். வாட்ச்சோடு வரும் செயலியில் பழைய ஓட்டம் ஒன்றைத் திறந்து, துடிப்பின் கோட்டையும் நிமிட அடிகளின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால், நீங்கள் சாலையைக் கடக்க நின்ற இடத்தில் இரண்டும் சேர்ந்தே விழுந்தால், அது கால்தான். இதயம் அப்படிச் செய்யாது. நின்றதும் அடிகள் பூஜ்யமாகும். இதயமோ படிப்படியாகத்தான் இறங்கும்.

ஏன் முதல் பத்து நிமிடம் மட்டும்? ஓட்டம் தொடங்கியதும் உடல் ரத்தத்தைத் தொடைத் தசைகளுக்குத் திருப்பும். தோலின் ரத்தக் குழாய்கள் முதலில் சுருங்கும். குளிரில் இது இன்னும் கூடும். தோலில் ரத்தம் குறைந்தால் அந்த நூற்றில் ஒரு பங்கும் தேய்ந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடியபின் உடல் சூடாகி, வெப்பத்தை வெளியேற்றத் தோலின் குழாய்கள் விரியும். அப்போது நாடியின் சைகை ஓங்கும். கணக்கு காலை விட்டுவிட்டு இதயத்தைப் பிடிக்கும். திரையில் 174 திடீரென்று 140 ஆகும். உங்கள் இதயம் இறங்கவில்லை. அநேகமாக அது முதலிலிருந்தே 120லிருந்து 140க்கு மெல்ல ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். பேசிக்கொண்டே ஓட முடிந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. 42 வயதில் உச்சத் துடிப்பு உத்தேசமாக 178. 174 என்றால் அநேகமாக உச்சத்திலேயே ஓடுகிறீர்கள் என்று பொருள். அந்த நிலையில் முழு வாக்கியம் பேச வராது.

எடை தூக்கும்போது 98 என்பது இதற்கு நேர்மாறான சிக்கல். இங்கே தாளமான அசைவு இல்லை. ஆனால் கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகள் விறைக்கின்றன, வாட்ச்சுக்கு அடியில் ஓடும் தசைநாண்கள் புடைத்து நகர்கின்றன, மணிக்கட்டு மடங்குகிறது. அந்த அழுத்தத்தில் தோலுக்கு வரும் ரத்தமும் தடைபடுகிறது. போதாததற்கு, எடைப் பயிற்சியில் துடிப்பு ஒரு நிமிடத்துக்குள் ஏறி இறங்கிவிடும். வாட்ச் பல விநாடிகளைச் சேர்த்துச் சராசரி பார்த்துத்தான் எண்ணை மாற்றும். அது ஏறி முடிப்பதற்குள் நீங்கள் கம்பியைக் கீழே வைத்திருப்பீர்கள். இதே காரணத்தால்தான் முப்பது விநாடி வேகம், முப்பது விநாடி ஓய்வு என்று மாறி மாறிச் செய்யும் பயிற்சியிலும் வாட்ச்சின் கோடு மேடுபள்ளம் இல்லாமல் மழுங்கிக் கிடக்கும். எடைப் பயிற்சியின்போது மணிக்கட்டு எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நிற்கும் சைக்கிளில் கை அசையாது, பிடியும் தளர்வு, துடிப்பும் நிதானமாக மாறும். உங்களுக்கு அங்கே ஒழுங்காக இருப்பதில் வியப்பில்லை. டிரெட்மில்லில்கூடக் கைப்பிடியை லேசாகப் பிடித்து நடப்பவரின் வாட்ச் இசிஜியோடு ஒத்துப்போவதையும், அவரே கையை விட்டு வீசத் தொடங்கியதும் விலகுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. 2017இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தது. இதயத் துடிப்பின் பிழை சைக்கிளில் மிகக் குறைவு, சுமார் 1.8 சதவீதம். நடையில் அதிகம், சுமார் 5.5. ஓட்டத்தைவிட நடைதான் கடினம் என்பது பலருக்கு விசித்திரமாக இருக்கும். எனக்குத் தோன்றும் ஒரு காரணம்: விறுவிறுப்பாக நடப்பவரின் அடிகளும் நிமிடத்துக்கு 100, 120, அவருடைய இதயமும் அதே 100, 120. இரண்டு தாளமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றைக் கழிக்கும்போது மற்றதும் சேர்ந்து போய்விடும். இது என் ஊகம். ஆய்வின் முடிவு அல்ல. கிளீவ்லாந்து கிளினிக்கில் 50 பேரை டிரெட்மில்லில் ஏற்றிச் செய்த இன்னோர் ஆய்வில் நெஞ்சுப்பட்டைக்கும் இசிஜிக்கும் இருந்த ஒத்திசைவு 0.99. முழுமையான ஒத்திசைவு என்றால் 1. அதே ஆய்வில் மணிக்கட்டுக் கருவிகள் நான்கும் 0.83லிருந்து 0.91க்குள் இருந்தன. டியூக் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்டதில், ஓய்வில் இருக்கும் பிழையைவிட அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம். முதல் இரண்டிலும் சோதித்த மாடல்கள் இன்று பழையவை. இப்போது வருபவை மேலானவை என்பதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆனால் ஒளியின் பௌதிகம் மாறவில்லை. தப்பும் இடங்களும் அதேதான்.

சராசரிப் பிழை என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் விளம்பரங்களும் சில விமர்சனங்களும் அதைத்தான் முன்னே வைக்கின்றன. ஒரு மணி நேரம் 150 துடிப்பில் ஓடுகிறீர்கள். அதில் 55 நிமிடம் வாட்ச் இரண்டு துடிப்புத் தப்புகிறது. ஐந்து நிமிடம் 35 துடிப்புத் தப்புகிறது. சராசரி போட்டுப் பாருங்கள்: பிழை ஐந்து துடிப்புக்கும் குறைவு, மூன்று சதவீதத்தை ஒட்டி வரும். அறிக்கையில் அருமையான கருவி. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தவருக்கும், பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடியவருக்கும் அந்த மூன்று சதவீதத்தால் என்ன பயன்? அதனால்தான் இரண்டு அளவுகளை ஒப்பிடும்போது சராசரி வித்தியாசத்தோடு நிற்காமல், வித்தியாசம் எவ்வளவு தூரம் சிதறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இலேயே எழுதினார்கள். ஏதாவது வாட்ச் விமர்சனம் படித்தால் அதில் அந்தச் சிதறல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தச் சராசரியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தோலின் நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே யாராவது கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும்; கறுத்த தோலில் திரும்பி வரும் ஒளி குறையும். இதுவரை உறுதி. அதனால் துடிப்பு எண்ணிக்கை தப்புகிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. நான் மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கறுத்த தோலில் பிழை அதிகம். டியூக் ஆய்வு இந்தக் கேள்விக்காகவே எல்லா நிறத்தவரையும் சேர்த்து நடத்தப்பட்டது. அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆக்சிஜன் அளவு காட்டும் கருவிகளின் கதையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கருவி ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் தெளிவாகக் காட்டினார்கள். அது இரண்டு ஒளிகளின் விகிதத்தைக் கணக்கிடுவதில் வரும் சிக்கல். நாடியை எண்ணுவது அதைவிட எளிது. மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மட்டும் சந்தேகம் வேண்டாம். மை ஒளியை மறைக்கும். ஆப்பிள் நிறுவனமே தன் பக்கத்தில் இதைச் சொல்லியிருக்கிறது. வாட்ச்சை மறுகைக்கு மாற்றிவிடலாம்.

வாட்ச்சை மாற்றுவதற்கு முன் அதைக் கட்டும் விதத்தை மாற்றிப் பாருங்கள். பலர் நகை போலத் தொளதொளவென்று, மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டியிருப்பார்கள். ஓடும்போது எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்டுங்கள். அங்கே சதை இருக்கும், மணிக்கட்டு மடங்குவதும் பாதிக்காது. கையை உதறினால் வாட்ச் தோலை விட்டு நகரக் கூடாது. ஆனால் விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கவும் கூடாது, ரத்தம் தடைபட்டால் நாடியும் தேயும். ஓடி முடித்ததும் மறுபடி தளர்த்திவிடுங்கள். கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடாக்கிக்கொண்டு, வாட்ச் நியாயமான எண்ணைப் பிடித்தபின் ஓடத் தொடங்குங்கள். சரியான இடத்தில் தொடங்கினால் கணக்கு அங்கேயே தொடர வாய்ப்பு அதிகம். இதை மட்டும் செய்தே முதல் பத்து நிமிடச் சிக்கல் தீர்ந்தவர்கள் என்னிடம் நிறையப் பேர்.

அப்படியும் தீராவிட்டால், துல்லியம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால், நெஞ்சுப்பட்டை ஒன்று வாங்கி இதே வாட்ச்சோடு இணையுங்கள். வாட்ச்சை மாற்றுவதைவிட அது மலிவு, பலன் அதிகம். நெஞ்சுப்பட்டையும் தப்பாதது அல்ல. மின்முனைகளைத் தண்ணீர் தொட்டு ஈரப்படுத்தாமல் கட்டினால் வியர்க்கும் வரை கண்டபடி எண் காட்டும். செயற்கை இழைச் சட்டை உரசி உண்டாகும் நிலைமின்சாரம் 200க்கு மேல் தூக்கிவிடும். நைந்த பட்டையும் தீர்ந்துவரும் பேட்டரியும் அதேபோல. நெஞ்சில் கட்டப் பிடிக்காதவர்களுக்கு முழங்கைக்கு மேலே கட்டும் ஒளிப்பட்டை நல்ல நடுவழி. தொழில்நுட்பம் வாட்ச்சுடையதேதான், ஆனால் அங்கே சதை அதிகம், எலும்பும் தசைநாணும் குறுக்கே வருவதில்லை, கை வீச்சும் குறைவு.

சரி, எண் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? 220லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைச் சொல்லும் கணக்கைத்தான் பெரும்பாலான வாட்ச்சுகள் வைத்திருக்கின்றன. 208லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது 2001இல் வந்த திருத்தம். உங்கள் வயதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே விடைதான் தரும்: 178, 179. அறுபது வயதில் 160க்கும் 166க்கும் விலகிவிடும். எதை எடுத்தாலும் அது கூட்டத்தின் சராசரி. ஒரே வயதுள்ள ஆரோக்கியமான இருவருக்கு உச்சத் துடிப்பில் இருபது வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஆகவே வாட்ச் இரண்டு துடிப்புத் தப்புகிறதா மூன்று தப்புகிறதா என்று கவலைப்படுபவர், அந்த உச்சத்தை வைத்து லேசு, நடுத்தரம், கடுமை என்று அது நிறத்தால் பிரித்துக் காட்டும் மண்டலங்களின் எல்லையே பத்துத் துடிப்பு தள்ளி இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார். அன்றாடப் பயிற்சிக்கு மூச்சைக் கவனிப்பது நல்ல அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிந்தால் லேசான வேகம். துண்டு துண்டாகத்தான் வருகிறதென்றால் நடுத்தரம். வார்த்தையே வரவில்லை என்றால் கடுமை. வாட்ச் காட்டும் கலோரிக் கணக்கைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: அதே ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கலோரியில் ஒரு கருவியின் பிழைகூட 20 சதவீதத்துக்குக் கீழே இல்லை. அதை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இதுவரை எழுதியது எல்லாம் இதயத்தில் குறை இல்லாதவர்களுக்கு. மாரடைப்புக்குப் பின் "இத்தனை துடிப்பைத் தாண்டக் கூடாது" என்று மருத்துவர் எல்லை கொடுத்திருந்தால் மணிக்கட்டு வாட்ச்சை அதற்குக் காவலாக வைக்காதீர்கள். நெஞ்சுப்பட்டை போதுமா என்று அவரிடமே கேளுங்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களின் ஒவ்வோர் இதயத் துடிப்பும் மணிக்கட்டு வரை நாடியாக வந்து சேர்வதில்லை. சில துடிப்புகளில் இதய அறை நிரம்புவதற்குள் சுருங்கிவிடுவதால் வெளியே வரும் ரத்தம் போதாது. இசிஜியில் 150 இருக்கும். மணிக்கட்டில் 120தான் வரும். இங்கே வாட்ச் பழுதில்லை, நாடியே அவ்வளவுதான். இதயத் துடிப்பைக் குறைக்கும் பேட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எண் சரியாக இருந்தாலும் மேலே சொன்ன வயதுக் கணக்குகள் எதுவும் பொருந்தாது.

கடைசியாக, உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி: மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? நீங்கள் எழுதியதைப் படித்தால் கால் தாளத்தை வாட்ச் பிடித்துக்கொண்டது போலத்தான் எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு பத்தியைப் படித்து யாராலும் அதை அறுதியிட்டுச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஏனென்றால் துடிப்பு திடீரென்று ஏறி, திடீரென்று இறங்கும் உண்மையான கோளாறு ஒன்றும் இருக்கிறது. இதயத்தின் மின்பாதையில் ஒரு குறுக்குச் சுற்று உருவாகி, விளக்கைப் போட்டு அணைத்தது போலத் தொடங்கி முடியும். பெரும்பாலும் நெஞ்சு படபடப்பு, தலை லேசாவது போன்ற உணர்வு கூடவே இருக்கும். இரண்டையும் பிரித்தறியும் சோதனை உங்கள் விரல்நுனியில் இருக்கிறது. அடுத்த முறை ஓடும்போது, வாட்ச் 172 காட்டும் அந்த முதல் பத்து நிமிடத்துக்குள் சட்டென்று நில்லுங்கள். கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், குரல்வளைக்குப் பக்கவாட்டில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். அழுத்தினால் துடிப்பே குறைந்துவிடும். நின்றதும் இதயம் வேகமாக இறங்கத் தொடங்கும் என்பதால் தாமதிக்காமல், விநாடியைப் பார்த்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு துடிப்பு விட்டுப்போனால் விடையில் நான்கு குறையும். பரவாயில்லை, நாம் தேடும் வித்தியாசம் அதைவிட மிகப் பெரியது. 32லிருந்து 35 வரை எண்ணினால் உங்கள் இதயம் 130, 140இல்தான் இருக்கிறது. வாட்ச் எண்ணியது உங்கள் கால்களை. மூன்று நான்கு நாள் வெவ்வேறு ஓட்டங்களில் எண்ணியும் இதே விடை வந்தால் பட்டையை ஏற்றி இறுக்கிக்கொண்டு நிம்மதியாக ஓடுங்கள். 43ஐ ஒட்டி எண்ணினால், வாட்ச் சொன்னது உண்மை. அப்போது அந்த ஓட்டத்தின் பதிவையும் நீங்கள் எண்ணிய எண்ணையும் குறித்துக்கொண்டு, மறுபடி ஓடுவதற்கு முன் மருத்துவரிடம் போய், ஓடும்போது பதிவாகும் இசிஜி ஒன்று எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். நெஞ்சு வலியோ, மயக்கமோ, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறலோ இருந்தால் எந்த எண்ணையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். வாட்ச் என்ன காட்டினாலும் உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.